என் தங்கையும் வேண்டாத வெளிச்சமும்

என் தங்கை என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்பவர்களுக்கு நான் இரண்டு பதில் வைத்திருக்கிறேன். அவசரமாகக் கேட்பவர்களுக்கு, செயற்கைக்கோள் கம்பெனியில் இன்ஜினியர் என்பேன். உட்கார்ந்து கேட்பவர்களுக்கு, வேண்டாத வெளிச்சத்தைத் தடுக்கிறாள் என்பேன். இரண்டாவதுதான் சரியான பதில். ஆனால் அதைக் கேட்டவர்களில் பாதிப் பேர் ஜன்னல் திரை வியாபாரம் என்று நினைத்துக்கொண்டு, தங்கள் வீட்டு ஜன்னல் அளவைச் சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள்.

நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். அவள் வேலையை எனக்குப் புரிந்த அளவில்தான் இங்கே எழுதுகிறேன். எழுதியதை அவளிடம் காட்டித் திருத்தியும் வாங்கினேன். திருத்தியதில் பாதி எனக்கே விளங்காததால் அதையெல்லாம் பழையபடி மாற்றிவிட்டேன்.

சின்ன வயதிலிருந்தே அவளுக்கு வெளிச்சத்தோடு சண்டை. கரும்பலகை பளபளக்கிறது, எழுத்து தெரியவில்லை என்று வகுப்பில் நாளுக்கொரு பெஞ்சில் உட்காருவாள். ஒரு டீச்சர் பொறுமை இழந்து, "பேசாம பலகைக்குப் பின்னாடி போய் உட்காரு, அங்க வெயிலே வராது" என்றாராம்.

வீட்டில் அவளுடைய பெரிய எதிரி அப்பாவின் தலை. அப்பாவுக்கு முழு வழுக்கை. எங்கள் கூடம் சின்னது. அவர் முன்னால் நாற்காலி போட்டு உட்காருவார், நாங்கள் பின்னால். டியூப் லைட் வெளிச்சம் அவர் தலையில் பட்டு, அங்கிருந்து டிவி கண்ணாடியில் ஒரு குட்டி நிலாவாக எழும்பும். யார் செய்தி வாசித்தாலும் நெற்றியில் அந்த நிலா இருக்கும். நாங்கள் எல்லாரும் அதைப் பொறுத்துக்கொண்டோம். அவள் லைட்டை மாற்றிப் பார்த்தாள். டிவியைத் திருப்பிப் பார்த்தாள். கடைசியில் ஒருநாள் முகப்பவுடரை எடுத்து அப்பா தலையில் தட்டி, பக்குவமாகப் பரப்பினாள். நிலா மறைந்துவிட்டது.

"நல்லா குளுகுளுன்னு இருக்கு, இன்னும் கொஞ்சம் போடு" என்றார் அப்பா.

அப்போது பார்த்து அவருடைய அச்சக முதலாளி கதவைத் தட்டினார். அப்பா அப்படியே போய்த் திறந்தார். முதலாளி அந்தத் தலையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வீட்டுக்கு வெள்ளையடிக்கிறீங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க, டிவி ரிப்பேர் பண்ணிட்டிருக்கோம்."

வெளிச்சத்தோடு போட்ட இந்தச் சண்டை பெரிதாகிப் பெரிதாகி அவளுக்கு வேலையாகவே ஆகிவிட்டது. தொலைநோக்கிக்கு எதிரி இருட்டு என்றுதான் நான் நினைத்திருந்தேன். இல்லையாம், வெளிச்சமாம். சாயங்காலம் எதிர்வெயிலில் வேன் ஓட்டினால் முன்னால் போகும் சைக்கிள்கூடத் தெரியாது. சைக்கிள் அங்கேதான் இருக்கும். வெயில் அதை விழுங்கியிருக்கும். மேலே போகும் தொலைநோக்கிக்கும் அதே கதைதான். அது தேடுவது மங்கலான ஒரு நட்சத்திரத்தை. பக்கத்தில் நிற்பதோ சூரியன். அந்த வெளிச்சம் குழாயின் விளிம்பில் பட்டு, உள்சுவரில் மோதி, திருடன் மாதிரி உள்ளே நுழைந்துவிடும். அதை வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்புவதுதான் என் தங்கையின் உத்தியோகம்.

அவளுடைய கண்டுபிடிப்புகளுக்கு ஏற்கெனவே இரண்டு காப்புரிமை கிடைத்திருந்தது. அதாவது, இது இவள் முதலில் செய்தது, கம்பெனியைக் கேட்காமல் வேறு யாரும் செய்யக்கூடாது என்று அரசாங்கம் எழுதிக் கொடுப்பது. முதலாவது, குழாய்க்குள் அடுக்கடுக்காக வைக்கும் கறுப்பு வளையங்கள். அதைச் சுமந்துபோக வேண்டிய செயற்கைக்கோளையே பாதியில் கைவிட்டுவிட்டார்கள். இரண்டாவது, குளிரிலும் சூட்டிலும் சுற்றியிருக்கும் உலோகச் சட்டம் சுருங்கி விரிந்தாலும் உள்ளே இருக்கும் கண்ணாடியை நெரிக்காத ஒரு பிடிமானம். அதை ஒரு கண் பரிசோதனை மெஷின் செய்கிற கம்பெனி வாங்கிக்கொண்டது.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, ரயில்வே பார்சல் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். எந்தப் பொருள் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதில் அவருக்கு இன்னமும் அக்கறை உண்டு.

"ஏ திரைச்சீலை" என்பார் அவளை. "விண்வெளிக்கு அனுப்புறேன் விண்வெளிக்கு அனுப்புறேன்னு சொன்னே. ஒண்ணு கிளம்பவே இல்ல. இன்னொண்ணு கண்ணாஸ்பத்திரில இறங்கிடுச்சு. விலாசத்தைச் சரியா எழுதுறியா இல்லையா?"

அவள் சிரிப்பாள். ஆனால் உள்ளுக்குள் அது குத்தும் என்று எனக்குத் தெரியும். அவளுடைய தலைமுடி நரைக்க ஆரம்பித்துவிட்டது. அவள் செய்த ஒரு ஆணிகூட இன்னும் மேலே போகவில்லை.

மூன்றாவதுதான் இந்தக் கதை. தொலைநோக்கியின் வாய்க்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பெரிய வெயில் மறைப்பு. ராக்கெட்டில் அவ்வளவு இடம் கிடையாது. அதனால் போகும்போது மடங்கி இருக்க வேண்டும், மேலே போனதும் தானாக விரிய வேண்டும். உள்ளே வளைந்த கம்பிச் சட்டம், மேலே கறுப்புத் துணி, முன்னால் கத்தி போன்ற கூர்மையான விளிம்பு. வருஷக்கணக்காக இதற்குத்தான் உழைத்தாள். அவளுடைய மேலதிகாரி கறாராகச் சொல்லியிருந்தார்: "காப்புரிமை கைக்கு வந்தா அடுத்த செயற்கைக்கோள்ல உன்னுது போகும். வரலைன்னா வெளிக்கம்பெனி மறைப்பை வாங்கி மாட்டிடுவோம். பின்னாடி எவனாவது இது என்னுதுன்னு வழக்கு போட்டா பதில் சொல்ல முடியாது."

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது காப்புரிமை வக்கீலிடமிருந்து போன் வந்தது. எதைச் சொன்னாலும் 'அதாவது' என்றுதான் தொடங்குவார். அவள் கையில் சாப்பாடு ஒட்டியிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அதாவது மேடம், மனுவைப் பரிசீலனை பண்ற அதிகாரி ஒரு ஆட்சேபம் போட்டிருக்கார். உங்க மறைப்பு ஏற்கெனவே இருக்காம்."

"எந்த செயற்கைக்கோள்ல?"

"செயற்கைக்கோள்ல இல்ல மேடம்."

"விமானத்துலயா?"

"அதாவது... குழந்தைத் தள்ளுவண்டில."

யாரும் மெல்லவில்லை. அம்மாதான் முதலில் பேசினாள். "நான் அப்பவே நினைச்சேன். நமக்கு முந்தி எவனாவது பண்ணியிருப்பான்."

அது எப்போதோ ஒருவர் காப்புரிமை வாங்கிய பழைய தள்ளுவண்டி. குழந்தையின் முகத்தில் வெயில் படாமல் இழுத்து மூடுகிற அதன் மேல்கூரையும் என் தங்கையின் மறைப்பும் ஒரே மாதிரி மடங்குகின்றன என்பது அதிகாரியின் வாதம். நேரில் விசாரணைக்கு வரச் சொல்லியிருந்தார். வக்கீல் படத்தை அனுப்பினார். அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"அண்ணே, படத்தோட எல்லாம் சண்டை போட முடியாது. எனக்கு வண்டி வேணும்."

பழைய சாமான் கடைகளை வேனில் சுற்றி, ஒரு கடையின் பின்கட்டில் கட்டில் கால்களுக்கு அடியில் அதே வகை வண்டி ஒன்றைப் பிடித்தோம். கடைக்காரர் தூசி தட்டிக்கொண்டே, "எத்தனை மாசம்மா ஆச்சு?" என்று விசாரித்தார்.

"மாசமா? வருஷக்கணக்கா இதே வேலைதான். இன்னும் வெளியவே வரல" என்றாள், நினைவு எங்கேயோ இருக்க. அவர் ஒரு தலையணையைச் சும்மாவே கொடுத்தார்.

கல்யாணம் பண்ணிக்கொள்ளாத, நாற்பதைத் தாண்டிய ஒருத்தி தள்ளுவண்டியோடு லிஃப்டில் ஏறினால் என்ன ஆகும் என்று நாங்கள் யோசித்திருக்க வேண்டும். லிஃப்டில் எதிர்வீட்டு அக்கா நின்றிருந்தார்.

"அடிப்பாவி, ஒரு வார்த்தை சொல்லலையே!"

"இன்னும் முடிவாகலக்கா. விசாரணை இருக்கு. அங்க போனாத்தான் தெரியும், என்னுதா இல்ல வேற ஒருத்தரோடதான்னு."

அந்த அக்கா என் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். அன்று மாலைக்குள் கட்டடம் முழுக்கத் தெரிந்துவிட்டது: தத்தெடுக்கிற விஷயம், பெற்றவர்கள் தகராறு செய்கிறார்கள், கோர்ட்டில் கேஸ். மறுநாள் காலையில் வாசலில் குட்டி காலுறைகளும் ஒரு கிலுகிலுப்பையும் இருந்தன. "திருப்பிக் கொடுங்கம்மா" என்றேன். "மனசார கொடுத்ததை எப்படிடா திருப்புறது?" என்று அம்மா எடுத்து உள்ளே வைத்தாள். யாராவது விசாரித்தால், "நல்லபடியா முடியணும்னு வேண்டிக்கோங்க" என்று மட்டும் சொன்னாள். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

என் தங்கை தன் அறை ஜன்னலையெல்லாம் அடைத்தாள். குழந்தை படுக்கும் இடத்தில் ஒரு லென்ஸை வைத்தாள். டார்ச்தான் சூரியன். அதைப் பல கோணங்களில் பிடித்து, கூரையை மடக்கி, விரித்து, மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்திலேயே அவள் செய்த மறைப்பின் சின்ன மாதிரி ஒன்றும் இருந்தது. நான் எட்டிப் பார்த்தபோது அவள் முகம் சரியில்லை.

"என்ன பாப்பா?" என்றேன். அவளை வீட்டில் நாங்கள் இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறோம்.

"அந்த ஆளு என்னைவிட நல்லா யோசிச்சிருக்கார் அண்ணே."

"எந்த ஆளு?"

"தள்ளுவண்டிக்காரர். கம்பிச் சட்டம் அச்சு அசல் ஒண்ணுதான், அதிகாரி சொன்னது சரி. அதுக்கு மேல ஒண்ணு இருக்கு, இங்க பாரு." தன்னுடைய மாதிரியைப் பல தடவை மடக்கி விரித்து, கீழே விரித்திருந்த வெள்ளைக் காகிதத்தைக் காட்டினாள். மிளகுப்பொடி தூவினது மாதிரி கறுப்புத் துகள். "மடங்குறப்ப துணியோட துணி உரசுது. இது கண்ணாடி மேல விழுந்தா போச்சு. இவர் கம்பியை நடுவுல லேசா வளைச்சு விட்டிருக்கார். உரசவே இல்ல."

"அவர் செத்து எந்தக் காலம் ஆச்சோ."

"ஆனா மூளை இன்னும் மடங்கி விரியுது பாரு."

நான் அறைக் கதவைச் சாத்தினேன். "இதையெல்லாம் விசாரணைல சொல்லித் தொலைக்காதே."

"கேட்டா?"

"கேட்டா பார்த்துக்கலாம். கேட்காம வாயைத் திறக்காதே."

வக்கீலும் அதையே சொன்னார். "அதாவது மேடம், விசாரணைல எனக்கு எதிர்க்கட்சியைப் பார்த்து பயமே இல்ல. கண்டுபிடிச்சவங்களைப் பார்த்தாத்தான் பயம். சட்டுனு உண்மை பேசிடுறாங்க. நீங்க உட்கார்ந்திருங்க. போதும்."

விசாரணை அன்று பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, வாத்துப் படம் ஒட்டிய வேனிலேயே அவளையும் தள்ளுவண்டியையும் ஏற்றிக்கொண்டு போனேன். வாசலில் காவலாளி நிறுத்தினார்.

"குழந்தைங்களுக்கு உள்ள அனுமதி இல்ல."

"குழந்தை இல்லையே."

"வண்டி இருக்கே?"

"வண்டிதான் சாட்சி" என்றேன். அவர் வண்டியின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளலாமா என்று யோசித்துவிட்டு உள்ளே விட்டார்.

அறையில் நீண்ட மேசை, ஒரு தண்ணீர் ஜாடி, ஒவ்வொரு சுற்றுக்கும் முனகுகிற மின்விசிறி. அதிகாரி ஒல்லியானவர்; கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டிருந்தார். வக்கீல் எழுந்து, விண்வெளி வேறு பூங்கா வேறு என்று அரைமணி நேரம் பேசினார். அதிகாரி அதைக் கேட்டாரா தெரியவில்லை. தள்ளுவண்டியைப் பக்கத்தில் இழுத்து, கூரையை விரிப்பதும் மடக்குவதுமாக இருந்தார். பொம்மை கிடைத்த பிள்ளை மாதிரி முகம். அந்தக் கூரைக்கு அடியில் ஒரு பொல்லாத பூட்டு உண்டு. அது ஏற்கெனவே என் விரலைக் கடித்திருந்தது. இப்போது அவருக்கு உதவ என் தங்கையும் அங்கே கையை நீட்டினாள். என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"பாப்பா, பார்த்து! கை மாட்டிக்கப் போகுது!" என்று பின்வரிசையிலிருந்து சொல்லிவிட்டேன்.

அதிகாரி பதறிப்போய்க் குனிந்து வண்டிக்குள் பார்த்தார். தலையணை மட்டும்தான் இருந்தது. என்னை ஒரு முறை முறைத்துவிட்டு என் தங்கையின் பக்கம் திரும்பினார்.

"மேடம், நீங்க சொல்லுங்க. இந்தக் கம்பிச் சட்டம் உங்களோடதா, இவரோடதா?"

"அதாவது சார், சில அமைப்புகளில்..." என்று வக்கீல் எழுந்தார்.

"மேடம் சொல்லட்டும்."

கேட்டேவிட்டார். என் தங்கை என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"இவரோடது சார்" என்றாள். "என்னுதைவிட நல்லது."

வக்கீலின் பேனா மேசையிலிருந்து உருண்டு கீழே விழுந்தது. அவர் எடுக்கவில்லை.

"என்னுதுல துணி உரசித் தூள் கொட்டுது. இவர் அதைச் சரி பண்ணிட்டார். குழந்தை கண்ணுல தூசி விழக்கூடாதுன்னு நினைச்சிருப்பார். நான்தான் கவனிக்கல."

"அப்போ உங்களுதுன்னு இதுல என்னதான் இருக்கு?"

"விளிம்பு சார். ஜன்னல் திரையைக் கொஞ்சம் இழுத்துக்கலாமா?"

அறை இருண்டது. அவள் டார்ச்சை எடுத்து வண்டிக் கூரையின் ஓரத்தில் சாய்வாக அடித்தாள். தடித்த விளிம்பில் பட்ட வெளிச்சம் சிதறி, தலையணை முழுக்க மங்கலாகப் படர்ந்தது. பிறகு பையிலிருந்து ஒரு மெல்லிய கறுப்புப் பட்டையை எடுத்து அதே ஓரத்தில் செருகினாள். டார்ச் அதே இடத்தில்தான் இருந்தது. தலையணை காணாமல் போய்விட்டது. விளிம்பின் கூர்மையும் சாய்வும் பட்ட வெளிச்சத்தை வந்த வழியே வெளியே தள்ளிவிடுகின்றன என்று பிறகு எனக்குச் சொன்னாள்.

அதிகாரி இருட்டுக்குள் கையை விட்டுத் தலையணை இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார்.

"இதை அவர் ஏன் செய்யல?"

"குழந்தைக்கு இவ்வளவு இருட்டு வேண்டாம் சார். பயந்து அழும். நட்சத்திரம் பார்க்கிறவங்களுக்குத்தான் வேணும்."

மறைப்பு முழுவதற்கும் கேட்டிருந்த உரிமையை அவர் அங்கேயே அடித்துவிட்டார். விளிம்புக்கு மட்டும் கொடுக்கலாம் என்றார். வெளியே வந்ததும் வக்கீல் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அதாவது மேடம், வீட்டைக் கொடுத்துட்டு ஜன்னல் கம்பியை வாங்கிட்டு வந்திருக்கோம்."

திரும்பும்போது அவள் வேனில் எல்.கே.ஜி. பிள்ளைகள் உட்காரும் குட்டி சீட்டில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேலதிகாரி சொன்னது இரண்டு பேருக்கும் ஞாபகம் இருந்தது. கம்பிச் சட்டம் நம்முடையது இல்லை என்று ஆகிவிட்டது. இனி வெளிக்கம்பெனி மறைப்புதான்.

"நான் வாயை மூடியிருக்கணுமோ அண்ணே?"

"மூடியிருக்கணும்தான்" என்றேன். "ஆனா மூடியிருந்தா, இப்ப இதைவிட மோசமான மூஞ்சியை வச்சிட்டு உட்கார்ந்திருப்பே."

சிக்னலில் நின்றபோது, "வெயில் அடிக்குது, கண்ணுக்கு மேல அந்த மறைப்புத் தகட்டை இறக்கிவிடு" என்றாள்.

அடுத்து நடந்ததை அவள் வந்து சொன்னதை வைத்து எழுதுகிறேன். மேலதிகாரி வக்கீலையும் அவளையும் கூப்பிட்டு உட்காரவைத்தாராம்.

"கம்பிச் சட்டம் நம்முது இல்லேன்னு இவங்களே சொல்லிட்டாங்களாமே? நாளைக்கு அதுக்கு எவனாவது உரிமை கொண்டாடினா?"

வக்கீல் "அதாவது" என்று தொடங்கி, பாதியில் நிறுத்தினாராம். பிறகு, "எவனும் வர முடியாது சார்" என்றாராம். அந்தச் சொல் இல்லாமல் அவர் பேசி என் தங்கை கேட்டது அதுதான் முதல் தடவை.

"எப்படி?"

"தள்ளுவண்டிக்காரரோட காப்புரிமைக்கு ஆயுள் முடிஞ்சு ரொம்ப காலம் ஆச்சு. இப்ப அது ஊர்ச்சொத்து, யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம். நம்ம சட்டமும் அதுவும் ஒண்ணுன்னு மேடமே சொல்லி, அதிகாரியே பதிவு பண்ணியிருக்கார். அப்புறம் எவன் வந்து என்னுதுன்னு சொல்ல முடியும்? விளிம்பு நம்முது. மேடம் வாயை மூடியிருந்து முழுசையும் வாங்கியிருந்தாத்தான், என்னைக்காவது ஒருத்தன் இந்தத் தள்ளுவண்டியோட வந்து நின்னிருப்பான்."

சொல்லிவிட்டு, இதை யார் யோசித்தது என்பது போல அவரே அக்கம்பக்கம் பார்த்தாராம். மேலதிகாரி வெகுநேரம் விரலால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்துவிட்டு, "சரி, உன்னுதே போகட்டும்" என்றாராம்.

அவள் பழைய சட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, தள்ளுவண்டிக்காரரின் வளைவோடு புதிதாகச் செய்தாள். வெள்ளைக் காகிதம் வெள்ளையாகவே இருந்தது. "கடைசில தள்ளுவண்டியைத்தான் மேல அனுப்புறீங்க" என்றார் மாமா. எதிர்வீட்டு அக்காவுக்கு உண்மையைச் சொன்னோம். காலுறைகளைத் திருப்பி வாங்கிக்கொள்ள அவர் மறுத்துவிட்டார். "இருக்கட்டும், எதுக்காவது ஆகும்" என்றார்.

ராக்கெட் நல்லபடியாகப் போனது. ஆனால் அவளுக்கு ராக்கெட் முக்கியமில்லை. தொலைநோக்கியைச் சூரியனுக்குப் பக்கத்தில் திருப்பி ஒரு படம் எடுப்பார்கள். மறைப்பு சரியாக விரிந்திருந்தால் தப்பிக்கலாம். இல்லாவிட்டால் படம் முழுக்க வெள்ளையாக இருக்கும். அந்தப் படம் வந்த நாளில் அவள் லேப்டாப்பைக் கையில் பிடித்துக்கொண்டே படியேறி ஓடி வந்தாள். லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை. நாங்கள் சுற்றி உட்கார்ந்தோம். அவள் திறந்தாள்.

கன்னங்கரேல் என்று இருந்தது.

"படம் எங்கே?" என்றார் மாமா.

"இதான்."

"கரண்ட் போயிடுச்சா?" என்றாள் அம்மா.

"இல்லம்மா. பக்கத்துலயே சூரியன் நிக்குது. ஒரு துளிகூட உள்ள வரல!" அவள் குரல் உடைந்துவிட்டது. "ஒண்ணுமே தெரியல பாருங்க! ஒண்ணுமே தெரியல!"

மாமா ஒன்றும் தெரியாததை உற்றுப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவ்வளவு சுத்தமான இருட்டை நான் அதுவரை பார்த்ததில்லை. அம்மா மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டு, கைக்குட்டையை எடுத்து, திரையின் ஓரத்தை அழுத்தித் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள்.

"இந்தத் தூசி போகவே மாட்டேங்குதே."

"அது தூசி இல்லம்மா" என்றாள் என் தங்கை. "நட்சத்திரம்."

அம்மா கைக்குட்டையை இறக்கினாள். கிட்டப்போய்ப் பார்த்தாள். தள்ளி நின்று பார்த்தாள்.

"அப்போ நல்லாத்தானே தெரியுது" என்றாள்.